வேலை உத்தரவு கைக்கு வரட்டும், அப்புறம் ஜல்லி இறக்கலாம்

சிங்கப்பூரிலோ துபாயிலோ சில வருசம் பாடுபட்டுவிட்டு, கையில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்பும் நம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, கவர்மெண்ட் கான்ட்ராக்ட் எடுக்கலாம்னு இருக்கேன். யாரைப் போய்ப் பாக்கணும்?"

யாரையும் பார்க்க வேண்டாம் தம்பி, முதலில் சட்டத்தைப் படி என்பேன். நம்பாமல் சிரிப்பார்கள். "அதெல்லாம் பேப்பர்ல இருக்கும்ணே, நடைமுறை வேற" என்பார்கள். கறம்பக்குடியில் இருந்துகொண்டு ஒப்பந்ததாரர்களுக்கு டெண்டர் பேப்பர் தயார் செய்து, பில் எழுதி, மனு தட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. நடைமுறை எனக்கும் தெரியும். ஆனால் பணம் முடங்கி, நகையை அடகு வைத்து, கடைசியில் வக்கீலைத் தேடிப் போகும் நாளில் கைகொடுப்பது பேப்பர் மட்டும்தான். அந்த நாளுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தச் சட்டம்?

நம் ஊரில் அரசு வேலை பல வாசல்களில் வருகிறது. பேரூராட்சி தெருவுக்குச் சிமென்ட் ரோடு போடுகிறது. மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றான கறம்பக்குடி ஒன்றியம் கிராமங்களுக்கு மேல்நிலைத் தொட்டி, பள்ளிக் கட்டடம், அங்கன்வாடி கட்டுகிறது. நெடுஞ்சாலைத் துறை, பொதுப்பணித் துறை, நீர்வளத் துறை எல்லாம் தனித்தனி. வாசல் வேறு வேறாக இருந்தாலும் நிலைப்படி ஒன்றுதான்: 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். அதற்கான விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. அரசுத் துறை, வாரியம், உள்ளாட்சி என எல்லாரும் இதற்குள் அடக்கம்.

நாடு முழுமைக்குமாக இப்படி ஒரு கொள்முதல் சட்டம் இன்றுவரை இல்லை. 2012இல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்து, நிறைவேறாமலே காலாவதியானது. மத்திய அரசு அலுவலகங்கள் பொது நிதி விதிகளை வைத்துத்தான் வாங்குகின்றன. தமிழ்நாடு 1998லேயே சட்டம் போட்டது. அடுத்த வருடம் கர்நாடகம் போட்டது. நம் கையில் இப்படியொரு சட்டம் இருந்தும் அதைப் படிக்காமல் ஆள் பிடிக்க அலைகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தச் சட்டத்தையும் இதைச் சுற்றி வந்த தீர்ப்புகளையும் படிக்கப் படிக்க எனக்குத் தெளிவானது ஒன்று. அரசு எதை எழுதி வைத்ததோ அதற்குக் கட்டுப்பட்டது. நீ எதை எழுதி வாங்கினாயோ அதற்குத்தான் உனக்கு உரிமை. வாயால் சொன்ன எதுவும் இந்த இரண்டு பக்கத்திலும் நிற்காது.

அறிவிப்பைப் படிக்கும் விதம்

டெண்டர் அறிவிப்பு வந்ததும் எல்லாரும் மதிப்பீட்டுத் தொகையைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது தேதியை. அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஒப்பந்தப்புள்ளி போடுவதற்குக் குறைந்தபட்சக் கால அவகாசத்தை விதியே சொல்கிறது: 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள். குறைக்க வேண்டுமானால், டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேலே உள்ள அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை அறிவிப்பு, புதன்கிழமை கடைசி நாள் என்று ஒன்று கண்ணில் பட்டால், "விதியில் சொன்ன அவகாசம் ஏன் இல்லை, குறைத்த உத்தரவு எங்கே?" என்று மரியாதையாக, எழுத்தில் கேட்கலாம். அப்படிக் கேட்பது சண்டையல்ல.

அடுத்தது முன்வைப்புத் தொகை, நாம் இ.எம்.டி. என்கிறோமே அது. வேலை மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கடுத்துத் தகுதி நிபந்தனைகள்: எந்த வகுப்புப் பதிவு, எத்தனை வருட அனுபவம், என்ன இயந்திரம். இதில் ஒரு வரி கூடினால் பத்துப் பேர் வெளியே போய்விடுவார்கள். நிபந்தனை புரியவில்லை என்றாலோ நியாயமில்லை என்று தோன்றினாலோ, டெண்டர் திறப்பதற்கு முன்பே விளக்கம் கேட்டு எழுத வேண்டும். வாயை மூடிக்கொண்டு கலந்துவிட்டு, கிடைக்காத பிறகு நிபந்தனையே தப்பு என்றால் நீதிமன்றம் காது கொடுப்பது கடினம்.

இப்போது பெரும்பாலான டெண்டர் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில்தான் வருகிறது; டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கவரைப் போட விடாமல் தடுக்கும் பழைய கூத்துக்கு இதனால் வழி குறைந்திருக்கிறது. ஆனால் கடைசி நாள் மாலை மூன்று மணி என்றால் இரண்டே முக்காலுக்கு உட்காராதீர்கள். நெட் போனது, கரண்ட் போனது என்பதற்கெல்லாம் விதியில் இடமில்லை. முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

திறந்த பிறகு, தகுதியானவர்களில் குறைந்த விலை கேட்டவருக்குத்தான் வேலை. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதாக இருந்தாலும் அந்த முதல் ஆளிடம் மட்டும்தான் பேசலாம். இரண்டாம் ஆளைக் கூப்பிட்டு, "நீங்க இன்னும் கொஞ்சம் இறங்குறீங்களா?" என்று கேட்பது விதிக்குப் புறம்பு.

முடிவில் உங்களுக்கு அநியாயம் நடந்ததாக நினைத்தால், சட்டத்தின் 11ஆம் பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் செய்ய வேண்டும். இந்த 10 நாளை டீக்கடையில் புலம்பியே கழித்தவர்கள் எத்தனையோ பேர்.

விமான நிலையத்துச் சிற்றுண்டிக் கடை

1977இல் பம்பாய் விமான நிலையத்தில் ஒரு உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர் விட்டார்கள். குறைந்தது 5 வருட அனுபவமுள்ள, பதிவுபெற்ற இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆனால் கேன்டீன் நடத்திய அனுபவம் மட்டுமே இருந்த ஒருவருக்கு ஒப்பந்தம் போனது. ரமணா தயாராம் ஷெட்டி என்பவர் வழக்குப் போட்டார். "நிபந்தனையைத் தளர்த்துவார்கள் என்று தெரிந்திருந்தால் நானும் போட்டிருப்பேனே" என்பது அவர் வாதம்.

1979இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் அரசு ஒப்பந்தச் சட்டத்தின் அடிக்கல். அரசு தனியார் முதலாளி மாதிரி இஷ்டப்பட்டவருக்கு வேலை கொடுக்க முடியாது. தானே எழுதிய தகுதியைத் தானே மீறக் கூடாது. அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அதாவது சமத்துவம், டெண்டருக்கும் பொருந்தும்.

இத்தனை சொன்ன நீதிமன்றம் ஷெட்டிக்கு நிவாரணம் தரவில்லை. அவர் தாமதமாக வந்தார், அதற்குள் எதிர்த்தரப்பு கடையில் பணம் போட்டுவிட்டது, வழக்கின் பின்னால் வேறு ஆள் இருப்பதாகவும் தெரிந்தது. சட்டம் ஜெயித்தது, ஆள் தோற்றார். 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு எல்லையையும் போட்டது. எடுத்த முடிவு நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் மறுபடி மதிப்பெண் போடாது. எடுத்த விதம் நேர்மையா, விதிப்படியா என்றுதான் பார்க்கும். நம் மாவட்டத்துக்காரர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓடுவதற்கு முன் இந்த இரண்டு தீர்ப்பையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வழக்கு விதிமீறலில் நிற்க வேண்டும், அதுவும் சீக்கிரம் நிற்க வேண்டும்.

"இழுத்து விடுங்க, பாத்துக்கலாம்"

ஆள் கவிழ்வது பெரும்பாலும் டெண்டரில் அல்ல, வேலை தொடங்கிய பிறகு. எனக்குத் தெரிந்த ஒருவர் சுற்றுச்சுவர் வேலை செய்துகொண்டிருந்தார். பார்வையிட வந்த அதிகாரி, "அந்த மூலை திறந்து கிடக்கு, இன்னும் பத்து மீட்டர் இழுத்து விட்டுடுங்க. ரிவைஸ்டு எஸ்டிமேட்ல சேத்துக்கலாம்" என்றார். இவரும் "சரிங்க சார்" என்று இழுத்துவிட்டார். அந்த அதிகாரி மாறிப்போனார். அடுத்து வந்தவர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, "இதுக்கு உத்தரவே இல்லையே" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கோப்பில் இல்லாததற்கு அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

அரசியல் சட்டத்தின் 299ஆம் பிரிவு, மத்திய அரசின் ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் பெயரிலும், மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரிலும், அதிகாரம் பெற்றவர் கையெழுத்தோடு எழுதப்பட வேண்டும் என்கிறது. உள்ளாட்சிகளுக்கு அவற்றின் சொந்தச் சட்டம் உண்டு. பேரூராட்சிக்கு 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம், கிராமத்துக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். அங்கேயும் வாய்ச்சொல் ஒப்பந்தமாகாது.

அப்படியானால் செய்த வேலை போனதுதானா? முழுக்க இல்லை. 1944இல் வங்காளத்தில் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம், உணவுப் பொருள் வழங்கல் துறை கேட்டுக்கொண்டதால் சாலையும் அறைகளும் சேமிப்புக் கொட்டகைகளும் கட்டிக் கொடுத்தது. முறையான ஒப்பந்தம் இல்லை என்று அரசு பணம் தர மறுத்தது. கேட்ட தொகை 19,325 ரூபாய். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1961 டிசம்பரில் முடிந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 70ஆம் பிரிவின்படி, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையை வைத்து அரசு பயன் அடைந்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் 1944இல் செய்த வேலைக்கு 1961இல் முடிவு. நம்மில் யாருக்கு அந்தத் தெம்பு இருக்கிறது? அதனால் கூடுதல் வேலை சொன்னால் அன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். "இன்ன தேதியில் இன்ன இடத்தில் இன்ன வேலை செய்யச் சொன்னீர்கள், திருத்திய மதிப்பீட்டு உத்தரவு கிடைத்ததும் தொடங்குகிறேன்" என்று நாலு வரி போதும். அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். அதிகாரிக்கும் இது பாதுகாப்புதான்.

முதல் வேலைக்கும் இதுதான் வரிசை: ஏற்புக் கடிதம், பாதுகாப்புத் தொகை, முத்திரைத்தாளில் ஒப்பந்தம், வேலை உத்தரவு, இடத்தை ஒப்படைத்தல். "உத்தரவு வந்துரும், சும்மா ஜல்லியை இறக்கி வைங்க" என்று யார் சொன்னாலும் இறக்காதீர்கள்.

எம்.புக்கில் என்ன இருக்கிறது?

அளவுப் புத்தகம், எம்.புக், இதுதான் பில்லின் உயிர். ஒரு சிமென்ட் ரோட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 100 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர். பெருக்கினால் 45 கன மீட்டர் கான்கிரீட். போட்டவர் 12 சென்டிமீட்டரில் நிறுத்திவிட்டால் 36 கன மீட்டர்தான் ஆகும். மேலே நின்று பார்த்தால் இரண்டு ரோடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு கான்கிரீட் இல்லை என்பது லாரி ஏறும்போதுதான் தெரியும்.

ஒப்பந்ததாரர் அளவெடுக்கும் நாளில் கட்டாயம் கூட இருக்க வேண்டும். மண்ணுக்குள் போய்விடும் அடித்தளம், கம்பி கட்டு எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் அளந்து பதிவு செய்யச் சொல்ல வேண்டும். மூடிய பிறகு அளக்க முடியாது; அளக்காததற்குப் பணம் கிடையாது.

மதிப்பீட்டுக்குக் கீழே 25, 30 சதவீதம் குறைத்துப் போட்டு வேலையைப் பிடிக்கும் தம்பிகளுக்கும் ஒரு கணக்கு. பெரும்பாலான அரசுக் கட்டுமான வேலைக்கு 2022 ஜூலை 18 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பில்லில் வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1 சதவீதம். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்றால் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம். கட்டுமானத் தொழிலாளர் நலநிதி 1 சதவீதம். பாதுகாப்புத் தொகை தனியாக முடங்கிக் கிடக்கும். ரொம்பக் குறைத்துப் போட்டால் கூடுதல் பாதுகாப்புத் தொகையும் கேட்பார்கள். இத்தனையும் கழித்த பிறகு அந்த 15 சென்டிமீட்டரை முழுசாகப் போட முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டு விலை போடுங்கள். முடியாது என்றால் அந்த வேலையை விட்டுவிடுவதுதான் நேர்மை.

பொருளும் சேவையும் வழங்கும் சிறு தொழில்களுக்கு இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கட்டுமான ஒப்பந்தத்துக்கு இது செல்லாது என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் பைப், பல்பு, தளவாடம் வழங்குபவர் தயங்காமல் கேட்கலாம். வழக்கென்று போனால், செய்த வேலைக்கான பணத்தைக் கேட்க 3 வருடம்தான் கெடு. அரசு மீது வழக்குப் போடுமுன் 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த இரண்டையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

புயல் நாளும் சாதாரண நாளும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்ததை நம் பகுதியில் யாரும் மறக்கவில்லை. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. அப்படி ஒரு நாளில் 15 நாள் அறிவிப்பு கொடுத்து டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் சட்டத்தின் 16ஆம் பிரிவு, இயற்கைப் பேரிடர், அரசு அறிவிக்கும் அவசர நிலை, ஒரே ஒருவரிடம் மட்டும் கிடைக்கும் பொருள் போன்றவற்றுக்கு விலக்குத் தருகிறது. ஒரே ஆளிடம்தான் கிடைக்கும் என்று சொல்வதற்கும் வல்லுநர் குழு பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த விலக்கு புயலுக்குத்தான். வெயில் காலத்தில் போடும் சாக்கடைக்கு "அவசரம்" என்று எழுதினால் கேள்வி கேட்க வேண்டும்.

கூடிப் பேசுவதும் கவர் கொடுப்பதும்

"இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு" என்று ஒப்பந்ததாரர்கள் முன்கூட்டியே பேசி வைத்து விலை போடுவதை ரிங் என்கிறோம். ஊரில் அதை ஒற்றுமை என்றுகூடச் சொல்கிறார்கள். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் அது தடைசெய்யப்பட்ட உடன்பாடு. புதிதாக வரும் ஒரு பிள்ளையின் வாய்ப்பையும் ஊரின் வரிப்பணத்தையும் சேர்த்தே அது தின்கிறது.

லஞ்சச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு, வாங்குகிறவர் மாதிரியே கொடுக்கிறவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாளுக்குள் காவல் துறையிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. எட்டாம் நாள் அந்தப் பாதுகாப்பு இல்லை. கூடவே, ஊராட்சி உறுப்பினர் ஒருவர் தன் ஊராட்சியின் ஒப்பந்தத்திலேயே பங்கு வைத்திருந்தால் பதவிக்கே ஆபத்து. உறவுக்காரர் பெயரில் எடுத்துக் கொடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ரோட்டில் நடக்கிறவருக்கும் உரிமை உண்டு

இத்தனை நேரம் ஒப்பந்ததாரருக்குச் சொன்னேன். இனி டெண்டரே போடாத ஊர்க்காரருக்கு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காகித நகல் வாங்கும் சட்டம் என்றே பலரும் நினைக்கிறோம். அதன் 2(j) பிரிவு, அதாவது தகவல் உரிமையின் வரையறை, அரசு வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. உங்கள் தெருவில் போட்ட கான்கிரீட்டின் மாதிரியை முறைப்படி கேட்டு வாங்கலாம் என்று இதற்கு அர்த்தம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கேட்க வேண்டியவை நாலே நாலு: மதிப்பீடு, ஒப்பந்தம், வேலை உத்தரவு, எம்.புக் நகல். நாலையும் வாங்கி, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி அளந்து பாருங்கள். கிராம சபைக் கூட்டத்துக்கு அந்த நாலு தாளோடு போங்கள். கையில் ஆதாரத்தோடு மரியாதையாகக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த அதிகாரியும் நழுவுவது கடினம். நேர்மையாக வேலை செய்யும் ஒப்பந்ததாரருக்கும் அப்படி அளந்து பார்க்கும் ஊர் ஒரு துணை; கனம் குறைத்துப் போடுகிறவரோடு அவர் விலையில் போட்டி போட வேண்டிய நிலை அங்கே இருக்காது.

கான்ட்ராக்ட் எடுக்க நினைக்கும் தம்பி, தங்கைகளே, வாருங்கள். நம் ஊர் ரோட்டையும் பள்ளிக்கூடத்தையும் நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டுவது நல்ல விஷயம். ஆனால் முதல் டெண்டர் போடுவதற்கு முன் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2000ஆம் ஆண்டு விதிகளையும் ஒரு முறையாவது முழுசாகப் படியுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபைல் போட்டு, வந்த கடிதம், கொடுத்த கடிதம் இரண்டையும் தேதி வாரியாகக் கோத்து வையுங்கள். படித்துப் புரியாத வரி இருந்தால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். உத்தரவு இல்லாத வேலையில் மட்டும் ஒரு சட்டி சிமென்ட்கூடக் கொட்டாதீர்கள்.